கேஸ் இருக்கிறவருக்கு வீடு கொடுக்கலாமா? வாடகைக்கு ஆள் எடுக்கும்போது விசாரிக்கும் வழிகள், ஒவ்வொன்றின் பலமும் பலவீனமும்

எங்கள் மாடி வீடு காலியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாகர்கோவிலில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறோம். கேட்டில் அட்டை தொங்கவிட்டால் ஆள் வருவதற்குப் பஞ்சமில்லை. இந்தமுறை வந்தவர்களில் ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். வயது 35 இருக்கும். கூட மனைவியும் நாலு வயதுப் பெண்குழந்தையும். குழாயைத் திறந்து தண்ணீர் பார்த்தார், மெயின் போர்டைத் திறந்து பார்த்தார். "எர்த் சரியில்ல சார், நானே போட்டுத் தாறேன்" என்றார். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிந்து எழுந்திருக்கும்போது அவராகவே சொன்னார்: "ஒரு காரியம் முதல்லயே சொல்லிப்போடுதேன் சார். எம்பேர்ல ஒரு கேஸ் உண்டு. பொறவு வேற யாராவது சொல்லி நீங்க கேக்கப்பிடாது."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்ததே, அதற்கு அடுத்த வாரம், டிசம்பர் 7-இல் குழித்துறை ரயில் நிலையத்தில் கடற்கரை ஊர்க்காரர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்தில் இவரும் இருந்திருக்கிறார். கேஸ் அதுதான். இவருடைய தாய்மாமன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இதைச் சொன்னதற்காகவே நாலு வீட்டில் "பாத்துட்டுச் சொல்லுகோம்" என்று அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு யாரும் போன் செய்யவில்லை.

நானும் அன்றைக்கு "ஒரு வாரம் டைம் தாங்க" என்றுதான் சொன்னேன். அந்த ஒரு வாரத்தில் வக்கீல் நண்பர் ஒருவரிடமும், எங்களைப் போல வீடு வாடகைக்கு விடுகிற சிலரிடமும் கேட்டேன். சட்டத்தையும் எடுத்து வாசித்தேன். வீட்டுக்காரர்கள் பொதுவாக எந்தெந்த வழியில் போகிறார்கள், எது எங்கே உதவும், எது எங்கே காலை வாரும் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்கள் செய்வது ஆளை விட்டு விசாரிப்பது. புரோக்கரிடம் கேட்பார்கள், "எந்த ஊரு? அங்க யாருக்க மகன்?" என்று தொடங்கி, அந்த ஊரில் சொந்தக்காரர் யார், கூட வேலை பார்த்தவர் யார் என்று இரண்டு போன் போடுவார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் சின்னது. ஆரல்வாய்மொழியில் இருக்கிறவரைப் பற்றி மார்த்தாண்டத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். காசு செலவில்லை, ஒரே நாளில் முடிந்துவிடும். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் நேரில் போய்ப் பேசினால் வாடகை ஒழுங்காகக் கொடுத்தாரா, ராத்திரி சத்தம் உண்டா, காலி செய்யும்போது சுவரை எப்படி விட்டுப்போனார் என்பதெல்லாம் தெரியும். இந்த விவரம் எந்த அரசாங்கத் தாளிலும் இருக்காது. அதனால் இந்த வழியை நான் மட்டமாக நினைக்கவில்லை.

ஆனால் இதில் இரண்டு கோளாறு உண்டு. புரோக்கருக்கு வீடு முடிந்தால்தான் கமிஷன், அதனால் அவர் நல்லதைத்தான் சொல்வார். ஊர்க்காரருக்குப் பழைய பகை இருந்தால் கெட்டதைத்தான் சொல்வார். அதைவிட எனக்கு வருத்தமாக இருப்பது இன்னொன்று. சாதி, மதம், கடற்கரையா உள்நாடா என்று நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், "கேஸ் கீஸ் ஏதும் உண்டா" என்ற கேள்விக்குப் பின்னால் அதை ஒளித்துக்கொள்கிறார்கள். பதில் எதுவானாலும் முடிவு முன்பே எடுத்தாகிவிட்டது. அது விசாரணையே அல்ல.

இரண்டாவது வழி, 'கேஸ் என்றாலே வேண்டாம்.' கேட்க சுலபமாக இருக்கும். என் அக்கா வீட்டுக்காரர் இதைத்தான் சொன்னார்: "மாப்ளே, நமக்கு எதுக்கு பொல்லாப்பு? வேற ஆளா இல்ல?" ஆள் இருக்கிறது, வாஸ்தவம்தான். தனியார் வீட்டுக்காரர் ஒருவர், கேஸ் இருக்கிறது என்ற காரணத்துக்காக வாடகைக்கு மறுப்பதைத் தடுக்கிற தனிச்சட்டமும் நம் நாட்டில் இல்லை. அப்படியென்றால் முழுப் பொறுப்பும் நம் மனசாட்சி மேல் வந்து விழுகிறது.

'கேஸ்' என்ற ஒரே சொல்லில் எத்தனை விஷயத்தைக் கட்டி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். புகார் வந்ததும் போலீஸ் போடுவது முதல் தகவல் அறிக்கை. அது விசாரணைக்கு ஆரம்பப் புள்ளி மட்டுமே. அதற்குப் பிறகு போலீஸ் விசாரித்து, ஆதாரம் இருந்தால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும், இல்லாவிட்டால் கோப்பை முடித்துவிடும். அப்புறம்தான் நீதிமன்றம், சாட்சி, தீர்ப்பு. தீர்ப்பில் விடுதலை ஆனவரும் உண்டு, தண்டனை பெற்றவரும் உண்டு. இந்த நாலு கட்டத்தில் எதில் நிற்கிறவரையும் நாம் 'கேஸ் உள்ள ஆளு' என்றுதான் சொல்கிறோம்.

கொரோனா ஊரடங்கு நேரத்தில் தமிழ்நாட்டில் போட்ட வழக்குகளில் சுமார் 10 லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அரசே அறிவித்தது. பால் வாங்க பைக்கில் போனவர் பெயரிலும் வழக்கு இருந்த காலம் அது. நம்ம எல்லையில் இன்னொன்று உண்டு. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இல் தடை ஆனது, கேரளத்தில் அரசே லாட்டரி நடத்துகிறது. பாறசாலையில் கடை போட்டுச் சீட்டு விற்றால் அது தொழில். அதே சீட்டைக் களியக்காவிளையில் நின்று விற்றால் குற்றம். இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பது சில கிலோமீட்டர். சீட்டு விற்றுப் பிடிபட்டவர் சட்டத்தை மீறினார் என்பது சரி. அவர் என் மாடியில் குடியிருந்தால் என் குடும்பத்துக்கு என்ன ஆபத்து? எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அதற்காக எல்லாப் பயமும் வீண் என்று சொல்ல வரவில்லை. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை நம்மில் யாரும் மறக்கவில்லை. அறிமுகம் இல்லாதவருக்கு வீடு கொடுக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது இயல்பு. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து ஆள் யார் என்று சரியாகத் தெரிந்துகொள்வது. தண்டவாளத்தில் உட்கார்ந்த ஒருவரைத் திருப்பி அனுப்புவதால் அந்தப் பயம் எப்படிக் குறையும்?

மூன்றாவது வழி, நாமே தேடிப் பார்ப்பது. இ-கோர்ட்ஸ் என்ற அரசு இணையதளமும் செயலியும் இலவசம். மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, வழக்கில் சம்பந்தப்பட்டவர் பெயரையும் ஆண்டையும் போட்டால் நிலுவையில் உள்ளது, முடிந்தது என்று வழக்குகள் வரும். நாகர்கோவிலில் மட்டும் பார்த்தால் போதாது. பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி எல்லாவற்றிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். வழக்கு எண் கையில் இருந்தால் வேலை எளிது. எலக்ட்ரீஷியன் கொடுத்த தாளில் எண் இருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டு என்னால் போக முடிந்தது.

எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவர்களை எச்சரிக்கிறேன். நம்ம ஊரில் ராஜன், செல்வராஜ், ஜேசுதாஸ், மணிகண்டன் என்று போட்டுப் பாருங்கள். வரிசையாக வந்து நிற்கும். அதில் போட்டோ கிடையாது, ஆதாரோடு ஒத்துப் பார்க்கவும் வழி கிடையாது. தகப்பனார் பெயர் சில பதிவில் இருக்கும், சிலதில் இருக்காது. ஒரே பெயர், ஒரே இனிஷியல், பக்கத்துப் பக்கத்து ஊர் என்று இரண்டு பேர் இருப்பது இங்கே அதிசயமே இல்லை. யாரோ ஒருவருடைய அடிதடி வழக்கை வைத்து இன்னொருவருக்கு வீடு மறுத்தால், ஏன் மறுத்தார்கள் என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

கண்ணில் படாமல் போவதும் உண்டு. அமைதியாக இருப்பேன் என்று ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் எழுதி வாங்குகிற நன்னடத்தைப் பிணை விவகாரம் இதில் வராது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வழக்கு வேண்டுமானால் கேரளத்து நீதிமன்றங்களைத் தனியே தேட வேண்டும். பதினெட்டு வயதுக்குள் செய்த தவறுகளின் பதிவைப் பொதுவில் விடக்கூடாது என்பது சிறார் நீதிச் சட்டத்தின் நோக்கம். அந்த வயதில் நடந்ததைத் தோண்டிக் கேட்பதும் முறையல்ல.

நான்காவது, போலீஸ் வழி. இதிலேயே இரண்டு வகை. ஒன்று, குடிவருபவரின் போட்டோ, நிரந்தர முகவரி, போன் நம்பர், அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் சேர்த்து நம்ம எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் கொடுத்துவிடுவது. இது தகவல் கொடுப்பது. இன்ன வீட்டில் இன்னார் குடியிருக்கிறார் என்பது ஸ்டேஷனில் தெரிந்திருக்கும். நாளைக்கு ஏதாவது நடந்தாலும் நாம் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. இரண்டாவது, தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணம் கட்டி, வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிப்பது. காவல் நிலையங்களின் பதிவேட்டை இணைக்கிற சி.சி.டி.என்.எஸ். என்ற கணினி வலையில் அவர் பெயரில் வழக்கு உண்டா என்று பார்த்து அறிக்கை தருவார்கள். நாம் பெயரை வைத்துக் குத்துமதிப்பாகத் தேடுவதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் ஆளையும் முகவரியையும் ஒத்துப் பார்க்கிறார்கள். கேரளத்துக்காரர் என்றால் அவரையே அங்கே விண்ணப்பிக்கச் சொல்லலாம். குற்றச்செயலில் ஈடுபடாதவர் என்ற சான்றிதழை கேரள போலீஸ் அவர்களுடைய 'துணா' தளம் வழியாகவும் 'போல் ஆப்' வழியாகவும் கொடுக்கிறது.

எந்த வகையானாலும் அவரிடம் சொல்லி, கையெழுத்து வாங்கிவிட்டுச் செய்யுங்கள். முதுகுக்குப் பின்னால் விசாரித்து அது தெரியவந்தால், அவர் குடியிருக்கிற காலம் முழுக்க அந்தக் கசப்பு இருக்கும்.

போலீஸ் அறிக்கை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். இதற்கு முன் மாடியில் இருந்தவர் நல்ல உத்தியோகம், பெயரில் ஒரு கேஸ் கிடையாது, சரிபார்த்தபோதும் சுத்தமாக வந்தது. ஆறு மாத வாடகையையும் கரண்ட் பில்லையும் வைத்துவிட்டு, நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த நேரத்தில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பாத்ரூம் ஹீட்டரைக்கூடக் கழற்றிக் கொண்டுபோயிருந்தார். சுவரில் ஸ்க்ரூ அடித்த நாலு ஓட்டை மட்டும் மிச்சம். அவர் என்ன செய்வார் என்று போலீஸ் தாளால் எப்படிச் சொல்ல முடியும்? அது சொல்வது பதிவான வழக்கை மட்டும்தான்.

ஐந்தாவது, நேரே கேட்டு, எடைபோட்டு முடிவெடுப்பது. நான் இந்தப் பக்கம்தான். நேரம் எடுக்கும், எதிரே உட்கார்ந்து சங்கடமான கேள்வி கேட்க வேண்டும். ஆனால் இதில்தான் நாம் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது தெரிகிறது.

அமெரிக்காவில் இருக்கிற என் மகனிடம் பேசும்போது, அங்கே வாடகைக்கு விண்ணப்பித்தாலே பின்னணி சரிபார்க்கும் கம்பெனி ஒன்று அறிக்கை தரும் என்றான். தண்டனையில் முடியாத கைதை 7 ஆண்டுக்கு மேல் அந்த அறிக்கையில் காட்டக்கூடாது என்பது அங்குள்ள சட்டம். அறிக்கையைப் பார்த்து மறுத்தால், எந்தக் கம்பெனியின் அறிக்கை என்று விண்ணப்பித்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். தப்பு இருந்தால் அவர் ஆட்சேபிக்கலாம். அங்குள்ள வீட்டுவசதித் துறை 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கைது ஆனது மட்டும் குற்றம் செய்ததற்குச் சான்று ஆகாது என்றது. என்ன குற்றம், எவ்வளவு கடுமையானது, எத்தனை காலம் ஆயிற்று என்று தனித்தனியாகப் பார்க்கச் சொன்னது. அந்த நாட்டுச் சட்டம் நம்மைக் கட்டாது. ஆனால் அந்த மூன்று கேள்வியும் நாகர்கோவிலிலும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். நாலாவதாக நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: அந்த வழக்குக்கும் என் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த நாலையும் வைத்து நான் எங்கே நிற்பேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். குழந்தைகளிடம் தவறாக நடந்ததற்காகப் போக்சோவில் தண்டனை பெற்றவருக்கு, கீழே என் பேத்தி விளையாடுகிற வீட்டில் இடம் கொடுக்க மாட்டேன். அந்த வழக்கு விசாரணையில் இருந்தாலும் தயங்குவேன். அதை நான் மறைக்கப் போவதில்லை. கஞ்சா விற்ற வழக்கு சமீபத்தியது என்றால் கொடுக்க மாட்டேன். இடத்தின் உரிமையாளர் தெரிந்தே அனுமதித்தால் அவருக்கும் தண்டனை உண்டு என்று போதைப்பொருள் சட்டத்தின் 25-வது பிரிவு சொல்கிறது. இதில் 'தெரிந்தே' என்ற வார்த்தை முக்கியம். "வீட்டு ஓனரையும் சேத்துப் பிடிச்சிட்டுப் போவாவ" என்று ஊரில் பயமுறுத்துவதை அப்படியே நம்ப வேண்டாம். தெரியாமல் விட்டவரையும் தெரிந்தே விட்டவரையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. செக் திரும்பிய வழக்கு நாலைந்து இருந்தால் வாடகை வருமா என்று யோசிப்பேன். முந்தின வீட்டுக்காரரை அடித்த வழக்கு என்றால் யோசிக்காமலே மறுத்துவிடுவேன்.

மறியல், போராட்டம், கோயில் கொடையில் இரண்டு கூட்டத்துக்கு இடையே வந்த தள்ளுமுள்ளு, பைக் விபத்து, சொத்துத் தகராறில் அண்ணன் தம்பி மாறி மாறிக் கொடுத்த புகார் ஆகியவற்றை வைத்து நான் மறுக்க மாட்டேன். இருபது வயதில் அடிதடிக்குப் போய், இன்று நாற்பது வயதில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவருக்கும் மறுக்க மாட்டேன். தண்டனை அனுபவித்து வெளியே வந்தவர் எங்காவது குடியிருந்துதானே ஆக வேண்டும்? வீடு கிடைக்காதவர் வேலைக்கு எந்த முகவரியைக் கொடுப்பார்?

மறுத்தாலும் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது நல்லது. பெயர் மாறிப்போயிருந்தால் அவர் அங்கேயே திருத்துவார். கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தெரு முழுக்கச் சொல்லித் திரியக்கூடாது. அவருடைய ஆதார் நகலை ரெசிடென்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதார் நகலை இணையத்திலேயே எடுக்கலாம். அதை வாங்கிக்கொண்டால் போதும்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் நம்மைக் காப்பாற்றுவது ஒப்பந்தம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தாலோ, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டாலோ, சட்டவிரோதக் காரியத்துக்கு வீட்டைப் பயன்படுத்தினாலோ காலி செய்யக் கேட்கலாம். ஆனால் அதையும் அந்தச் சட்டம் காட்டுகிற வழியில்தான் கேட்க வேண்டும். பழைய கேஸ் ஒன்று இப்போதுதான் தெரியவந்தது என்று பூட்டை மாற்றுவதும், கரண்டையோ தண்ணீரையோ நிறுத்துவதும் கூடாது. முன்பு மாடியில் இருந்தவரோடு இருபது ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதி அலமாரியில் வைத்துக்கொண்டேன். பதிந்திருந்தால் இரண்டாவது மாத பாக்கியிலேயே சட்டப்படி கேட்டிருக்கலாம்.

ஒரு வாரம் முடிந்ததும் எலக்ட்ரீஷியனுக்கு நானே போன் செய்தேன். இதைக் கேள்விப்பட்ட புரோக்கர் மறுநாள் காலையில் வந்து நின்றார். "கேஸ் உள்ள ஆளுல்லா, பத்து மாச அட்வான்ஸ் கேளுங்க சார். வேற போக்கிடம் கெடையாது, எப்படியும் தருவான்" என்றார். இதுவும் ஒரு வழியாகவே நம்ம பக்கம் நடக்கிறது. கேஸைச் சாக்காக வைத்து அட்வான்ஸை ஏற்றுவது, இல்லாவிட்டால் ஒத்திக்கு எடு என்று நெருக்குவது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்பதுதான் அந்தச் சட்டம் வைத்திருக்கிற அளவு. வேறு விதமாகப் பேசி எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது என்பார்கள். போக்கிடம் இல்லாதவரிடம் பேசுவதைப் பேச்சு என்று எப்படிச் சொல்வது? எல்லோரிடமும் எவ்வளவு வாங்குவேனோ அதையே இவரிடமும் வாங்கினேன், மூன்று மாதம். முந்தின வீட்டுக்காரரிடம் பேசினேன், ஸ்டேஷனில் படிவம் கொடுத்தேன், ஒப்பந்தத்தைப் பதிந்தேன். பதிவான நகல் ஒன்று தனக்கும் வேண்டும் என்று அவர் கேட்டார். பிள்ளையை எல்கேஜி சேர்க்க முகவரிக்குத் தாள் கேட்கிறார்களாம். கொடுத்தேன். குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கிணற்றடிப் பக்கம் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தார்.